கோவைப் பிரதியுடன் ஒரு மொட்டைக் கடிதம்

பெரியகல்லாறு,
திங்கள் இரவு 12.20

பெருமதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாமாவுக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நிதுர்ஷன் இப்போதுதான் நித்திரையானான். மூன்று நாளாக இருமுகிறான். மருந்துக்கடைக்காரர் சளி என்கிறார், எனக்கு வேறு என்னென்னவோ எல்லாம் தோன்றுகிறது. ஒவ்வொரு இருமலுக்கும் எழும்பிப் போய் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன், ஆகவே நடுவில் வசனம் அறுந்து கிடந்தால் குறை நினைக்காதீர்கள். நீங்களும் மாமியும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாமாங்கப் பிள்ளையார் துணை. நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். எழுதியாயிற்று.

மாமா, போன மாதம் நீங்கள் தலைமை தாங்கிய மாவட்டக் கிளைக் கூட்டத்தில், “பேரைப் போட முதுகெலும்பு இல்லாதவன் எழுதின கடிதத்தை நான் வாசிக்கமாட்டன்” என்று சொல்லி, ஒரு கடிதத்தை மேசை லாச்சிக்குள் தள்ளிவிட்டீர்களாம். அந்த முதுகெலும்பு இல்லாதவன் நான்தான்.

இதை இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் படுத்துவிடலாம் போலத்தான் இருக்கிறது. ஆனால் முழுவதையும் சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது, எனக்கும் நித்திரை வராது.

எங்கள் கிளைச் செயலாளர் உங்கள் மருமகனும் என் வீட்டுக்காரருமான சுதாகரன்தான் என்பது உங்களுக்குத் தெரியும், நீங்களே கையைப் பிடித்துக் கொண்டுவந்து கட்சியில் சேர்த்தீர்கள். ஆனால் மூன்று வருடமாகக் கிளையின் கடிதங்களை எழுதுவது அவர் இல்லை. அவர் பகல் முழுக்க மீன்வலைக் கடையில் நிற்கிறார், வந்ததும் சாப்பிட்டுக்கொண்டே, “தனு, வீதி விளக்குக்கு ஒண்டு எழுதணும், கொஞ்சம் கோபமா எழுது” என்பார். நான் எழுதுவேன். வந்தாறுமூலையில் நான்கு வருடம் தமிழ் படித்துப் பட்டம் எடுத்த பிள்ளைக்கு வேறு எந்த வேலையும் கிடைக்கவில்லை, சம்பளமில்லாமல் இதாவது கிடைத்ததே என்று நினைத்துக்கொள்வேன். அனுதாபச் செய்தி, வாழ்த்து மடல், பத்திரிகை அறிக்கை, மேடைப் பேச்சு எல்லாம் என் மடிக்கணினியில்தான். மேலே இலக்கம், கீழே அவருடைய பெயர், அதற்கும் கீழே “பிரதி: கோவை” என்று போட்டு, ஒரு பிரதியைத் துளையிட்டுக் கோவையில் கட்டி வைப்பதும் நான்தான். கோவை எங்கள் வீட்டு அலுமாரியில், நிதுர்ஷனின் தடுப்பூசி அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பிரதேச சபைத் தேர்தல் முடிந்து பெண்கள் பட்டியலில் எங்களுக்கு ஒரு இடம் கிடைத்ததல்லவா? அதற்கு அன்னப்பூரணியக்காவின் பெயர் போயிருந்தது. வாவிக்கரை மீன் வாடியில் இறால் வாங்கி, பஸ்ஸில் களுவாஞ்சிகுடிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறவ. ஒரு நாள் நான் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருக்கும்போது இவர் வந்து, “பாவம், அந்த மனுசிக்கு முழங்கால் ஏலாதாம், இடத்தை விடப்போறாவாம். மரியாதையா ஒரு கடிதம் எழுது” என்றார். எழுதினேன் மாமா. “எனது முழங்கால் நோவும் குடும்பச் சூழ்நிலையும் மக்கள் பணிக்குத் தடையாக இருப்பதை மிகுந்த மனவேதனையுடன் அறியத்தருகிறேன்” என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஒப்பம் ஏற்கெனவே தாளின் அடியில் இருந்தது. நான் அதற்கு மேலே அச்சடிக்க அளவு பார்த்துக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், தாளின் அடியில் ஏன் முதலே ஒப்பம் இருக்கிறது என்று மட்டும் பயப்படவில்லை.

அடுத்த மாதம் பஸ்ஸில் அன்னப்பூரணியக்காவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. மரியாதைக்கு விசாரித்தேன்.

“அக்கா, முழங்கால் இப்ப எப்படி?”

“ஆர்ர முழங்கால்?”

“உங்கடதான்.”

“என்ர முழங்காலுக்கு என்ன புள்ள வந்த?” என்று கேட்டு, இருந்தபடியே காலை நீட்டி மடக்கிக் காட்டினா. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“இல்லக்கா, அதாலதானே பிரதேச சபை இடத்தை விட்டீங்க?”

“எந்த இடத்தை?”

“நீங்க உறுப்பினரா வந்தீங்களே.”

“நானா? எப்ப?” இறால் பையைக் காலடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினா. “உறுப்புரிமை புதுப்பிக்கணும் எண்டு உன்ர மனுசன்தான் வந்து வெறுந்தாளில ஒப்பம் வாங்கினவர். மறுகா இப்ப அந்த இடத்தில ஆர்?”

“தக்ஷாயினி.”

“வினாயகமூர்த்தி ஐயாட மருமகளா? அது டவுனிலதானே இருக்கு! எங்கட ஒழுங்கையில மழைக்கு வெள்ளம் நிக்கிறது அதுக்கு எப்படித் தெரியும்?”

எங்கள் கிளைத் தலைவர் வினாயகமூர்த்தி ஐயாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பெண் உறுப்பினராகி, பதவியும் துறந்துவிட்டா. இரண்டும் அவவுக்குத் தெரியாது. துறந்த கடிதம் மட்டும் நல்ல தமிழில் இருக்கிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். “ஐயா சொன்னார், வாங்கினன். எல்லாக் கட்சியிலயும் நடக்கிறதுதானே” என்றார். அதற்கு மேல் கேட்டால் கோபம் வரும், கோபம் வந்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் பிள்ளை எழும்பும். ஆகவேதான் மொட்டைக் கடிதம் எழுதினேன். மூன்று கோரிக்கைகள்: வெறுந்தாளில் ஒருவரிடமும் ஒப்பம் வாங்கக்கூடாது, பெண்கள் பட்டியலைக் கிளையின் பெண்களே கூடித் தீர்மானிக்க வேண்டும், கிளை எடுக்கும் முடிவெல்லாம் எல்லோரும் பார்க்கப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கட்சிக்குள் எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று கேட்டு, என் பெயரை மட்டும் ஒளித்து வைத்தேன். அதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, இப்போதும் வரவில்லை.

ஆனால் மாமா, பழக்கம் பொல்லாதது. பழைய கடிதமொன்றைத் திறந்து, உள்ளே இருந்ததை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதினேன். கட்சிப் பெயரை அழித்தேன், செயலாளர் பெயரை அழித்தேன். மேலே இருந்த “எமது இலக்கம்” என்பதை அழிக்க மறந்தேன். மறந்ததும் போதாதென்று, பழையது 26 ஆக இருந்ததை 27 ஆக மாற்றியும் விட்டேன். கிளினிக்குக்குப் போன நாளில் ஐந்து பிரதி அச்செடுத்து, உங்களுக்கும் தலைவர் ஐயாவுக்கும் இன்னும் இருவருக்குமாக நான்கைத் தபாலில் போட்டேன். ஐந்தாவதைத் துளையிட்டுக் கோவையில் கட்டினேன். உலகத்திலேயே கோவைப் பிரதி வைத்து மொட்டைக் கடிதம் எழுதியவள் நானாகத்தான் இருப்பேன்.

கோவையோடு கிளைக் கூட்டத்துக்குப் போன இவர், அங்கே நடந்ததை வந்து சொன்னார். தலைவர் ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டாராம்.

“தம்பி சுதாகரன், பேரில்லாத கடிதத்துக்கு நம்மட இலக்கம் எப்படி வந்த? இருபத்தாறு என்ன?”

“மரண அனுதாபம் ஐயா.”

“இருபத்தெட்டு?”

“வீதி விளக்கு.”

“அப்ப கோவையைத் திற, பாப்பம்.”

திறந்தால், அனுதாபத்துக்கும் வீதி விளக்குக்கும் நடுவில் அழகாகக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்களாம். செயலாளர் கோவையையே பார்த்தாராம்.

வீட்டுக்கு வந்தவர் சேர்ட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டார். “இந்தக் கோவையை ஆர் தொட்ட?” நான் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று பயந்து கதவைச் சாத்தினேன். கத்தவில்லை. கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

“நீ எழுதின எண்டு சொன்னா, மறுகா மற்றதெல்லாம் ஆர் எழுதின எண்டு கேப்பாங்கள்.”

“கேட்டா சொல்லுங்களன்.”

“விசரா உனக்கு? மூண்டு வருசமா பேச்சாளன் எண்டு மாலை வாங்கினவன் நான். அதைவிடத் துரோகி எண்டு பேர் எடுக்கலாம்.”

துரோகி என்று பெயர் எடுக்கத்தான் அவர் அடுத்த நாள் கடைக்குப் போனார். ஆனால் அங்கே கட்சி இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் காத்திருந்து, “அண்ணன், துணிஞ்சு எழுதிட்டீங்க! ஆரும் கேக்காததைக் கேட்டுட்டீங்க!” என்று கையைக் குலுக்கியிருக்கிறார்கள். மத்தியானம் வரும்போது “எங்கட கடிதம்” என்றார். இரவு “நான் எழுதின கடிதம்” என்றார். அடுத்த நாள் காலையில் என்னிடமே அதன் இரண்டாவது பந்தியை விளக்கினார்.

தலைவர் ஐயாவுக்கு நாடி பிடிக்கத் தெரியும். இளைஞர்கள் போய்விட்டால் கிளையில் கதிரைதான் மிஞ்சும். ஆகவே அவரும் அந்தக் கடிதத்தைத் தான் அன்றைக்கே வரவேற்றதாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை விசேட கூட்டம், நீங்களும் வருகிறீர்கள். சீர்திருத்தத்தை ஏற்று, இவருக்கு மாலை போடப்போகிறார்கள். எல்லாம் அடுத்த தேர்தலில் இருந்து நடைமுறைக்கு வரும். இந்தத் தேர்தலில் நடந்தது நடந்ததுதான். தக்ஷாயினி இருக்கிற இடத்தில் இருப்பா. வெறுந்தாளில் ஒப்பம் வாங்கினவர், வெறுந்தாளில் ஒப்பம் வாங்குவதற்கு எதிராகப் பேசுவார். பேச்சை நான் எழுத வேண்டும். தலைவர் ஐயாவும் தன் வரவேற்புரையை எழுதித்தரச் சொல்லி இவரிடம் கேட்டிருக்கிறார், அதுவும் என்னிடம்தான் வந்திருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்குத் தொல்லை தந்திருக்கமாட்டேன். நேற்று அன்னப்பூரணியக்கா வீட்டுக்கு வந்தா. கையில் இறால் பை இல்லை.

“படிச்ச புள்ள நீ, எனக்கொரு கடிதம் எழுதித் தா. என்ர பேரில முழங்கால் எண்டு எழுதினது ஆரெண்டு ஞாயித்துக்கிழமை கூட்டத்தில நான் கேக்கணும்.”

“கண்டுபிடிச்சா என்னக்கா செய்வீங்க?”

“என்னத்தைச் செய்யிற? வாடிக்காரன் அதைக் கேள்விப்பட்டு, உனக்குக் கால் ஏலாதாமே, சுமக்க மாட்டாய் எண்டு என்ர இறாலை வேற ஆளுக்குக் குடுத்துட்டான். ரெண்டு கிழமையாச் சும்மா இருக்கன். நடந்து காட்டினன், நம்புறானில்ல. கடிதத்தில கிடக்காம், கட்சிக் கடிதம் பொய் சொல்லுமா எண்டு கேக்கிறான். எழுதின ஆள் வந்து அவனுக்கு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்.”

அந்த ஆள் அவவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், மாமா. கொடுத்துவிட்டு, அந்த ஆளைக் கண்டுபிடிக்கும்படி கேட்கும் கடிதத்தையும் எழுதிக் கொடுத்தாள். உருக்கமாக வந்திருக்கிறது. வாசித்துக் காட்டியபோது அக்கா அழுதா, “உனக்குத்தான் புள்ள என்ர மனம் விளங்குது” என்று என் கையைப் பிடித்தா. சீனி டப்பாவைத் திறக்கிற சாட்டில் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

இராஜினாமாவும் என்னுடையது, மொட்டைக் கடிதமும் என்னுடையது, முறைப்பாடும் பேச்சும் வரவேற்புரையும் என்னுடையவை. கிளைக்குள் நடக்கிற சண்டை முழுவதும் என் சாப்பாட்டு மேசையில்தான் நடக்கிறது. அதில் என் பெயர் ஓர் இடத்திலும் இல்லை.

பெயர் போட்டு எழுது என்றீர்கள். போட்டிருக்கிறேன். இனி நான் கேட்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை நான் எழும்பி, இரண்டு கடிதத்தையும் எழுதினவள் நான்தான், அக்காவின் முழங்காலுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால், மாவட்டக் கிளை அந்த இராஜினாமா செல்லாது என்று அறிவிக்குமா? அல்லது என்னையும் இவரையும் விலக்கிவிட்டு, தக்ஷாயினியை அப்படியே விட்டுவிடுமா? முதலாவது என்றால் எழும்புவேன். இரண்டாவது என்றாலும் எழும்பத்தான் வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வரும்போது இவர் என்னோடு கதைப்பாரா என்று தெரியவில்லை. அந்த நேரம் நிதுர்ஷனை யாரிடம் கொடுத்துவிட்டு எழும்புவது என்றும் தெரியவில்லை. இரவில் யோசித்தால் இரண்டும் ஒரே அளவு பெரிதாகத்தான் இருக்கிறது.

மாமிக்கு என் அன்பு. உங்கள் இருவரின் ஆசீர்வாதமும் பிள்ளைக்கு எப்போதும் வேண்டும், இந்தக் கிழமை எனக்கும் கொஞ்சம் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்,
தனுஷியா சுதாகரன்
(உறுப்பினர் இலக்கம் 38)

பி.கு: ஒப்பம் வைத்த கையோடு இவர் தண்ணீர் குடிக்க எழும்பி வந்துவிட்டார். மறைக்க நேரமில்லை. நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, “நல்லா வந்திருக்கு தனு. முழங்காலையும் ஒப்பம் வாங்கினதையும் வெட்டிப்போட்டு, உன்ர பேர் வாற இடமெல்லாம் என்ர பேரைப் போட்டா, ஞாயித்துக்கிழமைப் பேச்சு இதுதான்” என்றார். போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார். இப்போது குறட்டை கேட்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மேடையில் நீங்கள் கேட்கப்போவது குறைத்த பிரதி. முழுக்கடிதத்தையும் காலையில் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முதல், செயலாளருக்கு இல்லாமல் என் பெயருக்கு, கெதியாகப் பதில் போடுங்கள் மாமா.