சிவமண்ணைக்கு நான் போர்த்திய கரடித்தோல்

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் வாழ்க்கையில் நடந்த சேதங்களைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலானவற்றின் அடியில் இந்த ஒரு வாக்கியம்தான் கிடக்கும். (சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்கிறாள் மனைவி.)

தெரியாததைத் தெரியும் என்று சொல்லி மாட்டிக்கொள்கிறவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. நான் வேறு சாதி. தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லி மாட்டிக்கொள்கிறவன். எனக்குத் தெரிந்ததோ ஒன்றே ஒன்று, பழைய கிரேக்க உரோமப் படைகள். யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரியில் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தவன் நான். பதினொரு மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் நாலு பேர் புவியியல் வகுப்பில் இடமில்லாமல் வந்தவர்கள். லீஜியன் என்ற ஓர் உரோமப் படையணிக்குப் பத்துப் பிரிவு, ஒரு பிரிவுக்கு ஆறு செஞ்சுரி, ஒரு செஞ்சுரிக்கு எண்பது பேர் என்று நித்திரையிலும் சொல்வேன். (பெயர் நூறு, ஆள் எண்பது. ஏன் என்று கேட்டால் விளக்குவேன். கேட்காவிட்டாலும் விளக்குவேன்.)

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவுக்கு வந்து ஒரு ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவினேன். அங்கே யாரும் உரோம வாளின் நீளத்தைக் கேட்கவில்லை. மனதுக்குள் ஒரு புழுக்கம் இருந்தது. அந்தப் புழுக்கம்தான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது படுகிறது.

ஸ்காபரோவில் இரண்டு அறை அப்பார்ட்மென்ற் ஒன்றில் எட்டுப் பேர் இருந்தோம். உரோமப் படையிலும் ஒரு கூடாரத்துக்கு எட்டுப் பேர், சேர்ந்து சமைப்பார்கள், அதில் ஒருவர் தலைவர். இதை நான் முதல் நாளே எல்லோருக்கும் அறிவித்தேன். அன்றிலிருந்து எனக்கு ‘மாஸ்ரர்’ என்று பெயர். தலைவர் சிவமண்ணை. யாரும் தெரிவு செய்யவில்லை, கறி வைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

சிவமண்ணை எங்களில் மூத்தவர், நாற்பதை நெருங்கியவர், ஆறடி உயரம், பெரிய மீசை. மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் ஸ்பொன்சர் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். அவர் புறப்படும்போது மகள் தர்சிகாவுக்கு ஒன்பது மாதம். இப்போது ஐந்து வயது. அவளுக்குத் தெரிந்த அப்பா ஒரு கலியாணப் படத்தில் இருந்தார். அதில் தலைப்பாகையும் மாலையும் போக மிஞ்சியது மீசைதான். இங்கிருந்து அனுப்பிய படங்களில் குளிர் ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியும் போக மிஞ்சியதும் அதே மீசைதான். ஒரு ஞாயிறு காலை ரெலிபோனில் அவள் கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

“அப்பா, படத்தில நீங்கள் அசையிறேல்லையே. நீங்கள் நடந்தா எப்பிடி இருக்கும்?”

சிவமண்ணை ஏதோ சொல்லிச் சமாளித்தார். போனை வைத்துவிட்டு வெங்காயம் வெட்டப் போனார். அன்று கறியில் வெங்காயம் மிகவும் கூடிவிட்டது.

அந்த இலையுதிர் காலத்தில்தான் எங்கள் அறையில் இருந்த ரவி ஒரு செய்தியோடு வந்தான். அவன் துப்புரவு வேலை செய்த கட்டடத்தில் ஒரு தொலைக்காட்சிப் படக் கொம்பனி இருந்தது. உரோமாபுரிப் போர் ஒன்று எடுக்கிறார்களாம், ஒஷாவாவுக்கு வடக்கே சரளைக்கல் தோண்டிய ஒரு கிரவல் கிடங்கில். படைவீரராக நிற்க இருநூறு பேர் வேண்டுமாம், விடியக் காலையிலிருந்து குளிரில் நிற்கச் சம்மதிக்கிறவர்கள் கிடைக்கவில்லையாம்.

“எங்கட நிறத்தில ரோமாக்காரனோ?” என்று யாரோ சிரித்தார்கள்.

“ஏன் இல்லை?” என்று நான் எழும்பினேன். “உரோமப் படையில சிரியாக்காரன், எகிப்துக்காரன், ஆபிரிக்காக்காரன் எல்லாரும் இருந்தவங்கள்.” அரை மணித்தியாலம் பேசினேன். ஆறு பேர் போய்ப் படுத்துவிட்டார்கள். சிவமண்ணை மட்டும் இருந்து கேட்டார்.

“மாஸ்ரர், அந்தப் படத்தில முகம் தெரியுமோ?”

“முன்வரிசையில நிண்டாத் தெரியும் அண்ணை.”

“நடக்கிறது?”

“உரோமப் படை எண்டாலே நடைதானே!”

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். வேலைக்கு லீவு கேட்டே பழக்கமில்லாத மனிதர் அடுத்த நாள் லீவு கேட்டார். அதோடு நிற்காமல் கொழும்புக்குப் போன் எடுத்து, அப்பா நடக்கிற படம் ஒன்று வரப்போகிறது என்று மகளுக்குச் சொல்லியும் விட்டார்.

எட்டுப் பேரும் போனோம். பஸ் பிக்கரிங்கைத் தாண்டும்போதே நான் வகுப்பைத் தொடங்கிவிட்டேன். கிரேக்க வீரனின் வட்டக் கேடயம் இடக்கையில் இருக்கும், அதன் ஒரு பாதி தன்னைக் காக்க, மறுபாதி இடப்பக்கத்தில் நிற்பவனைக் காக்க. உரோமனின் எறியீட்டிக்கு முனை நீண்ட இரும்பு, குத்தியதும் வளைந்துவிடும், எதிரி பிடுங்கித் திருப்பி எறிய முடியாது.

“மாஸ்ரர், கடைசியில சோதினை இருக்கோ?” என்றான் ரவி.

கிரவல் கிடங்கில் எங்களுக்குத் தந்த இரும்பு வலைக் கவசம் கம்பளி நூலில் பின்னி வெள்ளி மை அடித்தது. கேடயம் பிளைவூட். ஈட்டி முனை றப்பர். குளிருக்கு உள்ளே நீளக் காற்சட்டை போட்டிருந்தோம், அது முழங்காலுக்குக் கீழே தெரியாமல் மடித்துக் குத்திவிட்டார்கள். என் உள்ளம் கொதித்தது. வாளை எல்லோருக்கும் இடப்பக்கம் கட்டியிருந்தார்கள். சாதாரண வீரனுக்கு அது வலப்பக்கம் அல்லவா இருக்க வேண்டும்?

வேலைகளை நடத்தியது ஒல்லியான ஒரு வெள்ளைக்காரப் பெண், உதவி இயக்குநர். கையில் ஒலிபெருக்கி. வரிசையை ஒரு பார்வை பார்த்தாள், சிவமண்ணையை வெளியே இழுத்தாள், வட்டத் தகடுகள் தொங்கும் நீண்ட கோல் ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். உரோமப் படைக்கு அதுதான் கொடி. கொடி தாங்குபவர்! படைக்கு முன்னே நடக்க வேண்டியவர்! கமரா தண்டவாளத்தில் ஓடி வந்து முதலில் அவர் முகத்தைத்தான் பிடிக்கும் என்றாள். சிவமண்ணை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

நானும் சிரித்தேன். உள்ளே வேறு ஒன்று ஓடியது. பதினைந்து வருடம் இந்தப் படையைப் படித்தவன் நான், கொடி போனது வெங்காயம் வெட்டுகிறவர் கைக்கு. (உரோமர்கள் அந்தக் காலத்தில் மீசை வைத்ததில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அவ்வளவு இரக்கம் என்னிடம் இருந்தது, ஒரு மீசையும் இருந்தது.)

முதல் காட்சியில் ஒரு பெரிய மரக் கோபுரத்தைக் கயிறு கட்டிக் கோட்டைச் சுவரை நோக்கி இழுக்க வேண்டும். ஏதாவது சத்தம் போட்டு இழுங்கள், குரலைப் பிறகு மாற்றிவிடுவோம் என்றாள். கயிற்றைப் பிடித்து முதுகை வளைத்ததுதான் தாமதம், எங்கள் எட்டுப் பேருக்கும் ஒரே சத்தம்தான் வந்தது.

“அரோகரா!”

கோபுரம் ஆடி அசைந்து நகர்ந்தது. மற்ற நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். போலந்துக்காரர், போர்த்துக்கேயர் எல்லோரும் அரோகரா. உதவி இயக்குநருக்குப் பரம சந்தோஷம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தாள். மற்றவர்கள் என்னைக் காட்டினார்கள். கோயில் தேர் இழுக்கும்போது சொல்வது என்று விளக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் உரோமப் படையைப் பாடமாகவே படிப்பித்த ஆசிரியர் என்றேன்.

அவள் கண் விரிந்தது. “அப்படியா? நாங்கள் ஏதும் பிழை விட்டிருக்கிறோமா?”

கனடாவுக்கு வந்த பிறகு என்னிடம் ஒருவர் கேட்ட முதல் மரியாதையான கேள்வி அது. அணை உடைந்தது. வாள், தலைக்கவசத்தின் கொண்டை, செருப்பின் ஆணி, எல்லாவற்றையும் சொன்னேன். இருநூறு பேருக்கு வாளை மாற்றிக் கட்ட நேரமில்லை என்றாள். அப்போதுதான் சொன்னேன், கொடி தாங்குபவருக்கு வெறும் தலைக்கவசம் போதாது, மிருகத்தோல் போர்க்க வேண்டும், கரடியோ ஓநாயோ, அதன் தலை அவர் தலைக்கு மேல் வரவேண்டும், முன்கால்களை நெஞ்சில் முடிய வேண்டும் என்று. நான் சொன்னது சரி, இன்றும் எந்தப் புத்தகத்திலும் பார்க்கலாம். ஆனால் அன்று அதைச் சொன்னது அறிவு இல்லை, பொறாமை. தன்னந்தனியாகக் கம்பீரமாக நின்ற மனிதருக்கு மேல் என் படிப்பை ஒரு தரம் ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டேன்.

உடுப்பு லொறியிலிருந்து ஒரு கரடித்தோல் வந்தது. யாரோ பணக்காரர் வீட்டுத் தரையில் விரிப்பாகக் கிடந்திருக்க வேண்டும். தலை மட்டும் ஒரு பலாப்பழம் அளவு. அதைச் சிவமண்ணைக்குப் போட்டதும் அவர் கண்களுக்கு மேல் கரடியின் மூக்கு இறங்கியது. அவர் வலக்கையில் கோல், இடக்கையில் சிறிய கேடயம். தள்ளிவிட ஒரு கையும் மிச்சமில்லை.

“மாஸ்ரர், ஒண்டும் தெரியேல்லையப்பா. இது கட்டாயமோ?”

“வரலாறு அண்ணை,” என்றேன்.

உதவி இயக்குநர் என்னை அவருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். தோல் சரியும்போதெல்லாம் தூக்கிவிட வேண்டும், முகம் தெரிய வேண்டும், அது உன் பொறுப்பு என்று தெளிவாகச் சொன்னாள். கமராவைப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னாள்.

இரண்டு தரம் ஒத்திகை நடந்தோம். ஒவ்வொரு பத்தடிக்கும் கரடி இறங்கும், நான் ஈட்டிக் கட்டையால் தூக்கிவிடுவேன். மூன்றாவது தரம் உண்மையாகவே படம் பிடித்தார்கள். எக்காளம் ஊதியது, புகை விட்டார்கள், தண்டவாளத்தில் கமரா எங்களை நோக்கி ஓடி வந்தது. நானும் ஒரு மனிதன்தானே. நெஞ்சை நிமிர்த்தினேன். தாடையை உயர்த்தினேன். கமராவை நேரே பார்த்து, ஒரு நாட்டைப் பிடிக்கப் போகிறவன்போல ஒரு புன்னகையும் செய்தேன். தோல் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்து போயிற்று.

வெளிச்சம் போய்விட்டது, இன்னொரு தரம் எடுக்க முடியாது என்றார்கள்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிறு மாலை அந்தப் படம் தொலைக்காட்சியில் வந்தது. எட்டுப் பேரும் குந்தியிருந்தோம், சிவமண்ணை குளித்துத் திருநீறு பூசி வீடியோ டெக்கின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு இருந்தார். எங்கள் காட்சி நாலு செக்கன். புகைக்குள்ளிருந்து ஒரு கரடி நடந்து வந்தது. கரடிக்குப் பக்கத்தில், பட்டப்பகல்போல, மீசையோடு என் முகம்.

சிவமண்ணை பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

“கரடி நல்லா நடந்திருக்கு,” என்றான் ரவி. சிரித்தார்கள். சிவமண்ணையும் சிரித்தார். “நடை தெரியுதுதானே, அது போதும்,” என்றார். கொழும்பு டெக்கில் ஓடும் விதமாகக் கசெற்றை மாற்றி, “முன்னுக்குக் கரடித்தோலோடை வாறது நான்” என்று கடிதமும் வைத்து அனுப்பினார். யாருடைய கலியாண வீட்டு வீடியோவிலாவது பத்து நிமிடம் அவரை நடக்கவிட்டு அனுப்பியிருக்கலாம். ரொறன்ரோவிலும் எங்கள் ஆட்களின் கலியாணத்துக்குக் கலியாணம் வீடியோக்காரர் திரிந்த காலம் அது. படையெடுப்புகளின் வரலாறு முழுவதும் தெரிந்த எனக்கு இந்தச் சின்ன யோசனை வரவில்லை.

இன்னும் இரண்டு வருடம் கழித்துத்தான் விசா வந்தது. விமான நிலையத்துக்கு வான் ஓட்டிக்கொண்டு போனது நான். சிவமண்ணைக்கு மீசை நரைத்துவிட்டது, முன்தலை வழுக்கை. புதுச் சேட்டுப் போட்டிருந்தார். கதவு திறந்து தாயும் மகளும் வெளியே வந்ததும் அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கீழே குந்தினார்.

தர்சிகா தாயின் கையை உதறிவிட்டு ஓடி வந்தாள். அவரைத் தாண்டி ஓடி வந்தாள். என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“அப்பா!”

கையில் வான் சாவியோடு நான் மரமாக நின்றேன். “நான் இல்லைப் பிள்ளை. அங்கை, அவர்தான் அப்பா.”

“இல்லை. நீங்கள்தான். கரடிக்குப் பக்கத்தில நடந்தது நீங்கள். என்னைப் பார்த்துச் சிரிச்சது நீங்கள்.”

தாய் பதறிக்கொண்டு வந்தார். “உவள் லொட்ஜில முழுக்க இதைத்தான் சொன்னவள். கரடி அப்பா இல்லையாம், மற்ற ஆள்தான் அப்பாவாம். நான் பகிடியெண்டு விட்டிட்டன்.”

முதலில் சிரித்தது சிவமண்ணைதான். குந்தியிருந்த இடத்திலிருந்து மெல்ல எழும்பினார். “பிள்ளை சரியாத்தானே சொல்லுது. மாஸ்ரரின்ர முகம்தானே வடிவா விழுந்தது,” என்றார். பிறகு, “நில்லுங்கோ, தள்ளுவண்டி எடுத்துக்கொண்டு வாறன்,” என்று நடந்தார். மனைவியின் கையில் ஏற்கெனவே ஒரு தள்ளுவண்டி இருந்தது. அவர் திரும்பி வர நெடுநேரமாயிற்று. முகம் கழுவியிருந்தார். வண்டி கொண்டுவரவில்லை.

வீடு வரும்வரை அவள் வானில் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். சிவமண்ணையை ‘அப்பா’ என்று கூப்பிட அவளுக்குப் பல வாரங்கள் எடுத்தன. அதுவரை ‘அவர்’. அந்த வாரங்களை நான்தான் அவரிடமிருந்து பிடுங்கினேன்.

இன்று அது அந்தக் குடும்பத்தின் ஆஸ்தான பகிடி. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, பட்டமளிப்பு, எதிலும் யாராவது எடுத்து விடுவார்கள். நான் ‘படத்து அப்பா’, சிவமண்ணை ‘கரடி அப்பா’. தர்சிகாவின் கலியாணத்தில் அவளே மைக்கைப் பிடித்து, “லேடீஸ் அண்ட் ஜென்ரில்மென், எனக்கு ரெண்டு அப்பா, ஒராளுக்கு மட்டும்தான் முகம்” என்று தொடங்கி முழுக் கதையையும் நடித்துக் காட்டினாள். அஜின்கோர்ட் மண்டபம் சிரித்துக் குலுங்கியது.

எனக்குப் பக்கத்தில் இருந்த சிவமண்ணையும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் காதுப் பக்கம் குனிந்தார். இத்தனை வருடத்தில் ஒரு தரம்கூட அவர் என்னைக் குறை சொன்னதில்லை.

“எல்லாம் சரி மாஸ்ரர்,” என்றார். “நீர் அந்தத் தோலை ஒருக்காத் தூக்கி விட்டிருக்கலாம்.”