மேல் கரண்டி, நடுக் கரண்டி, அடிக் கரண்டி

"குலுக்குனீங்களா மாமி?" என்று மருமகள் ரிஃபாத் கேட்டதும் சைதூன் திருதிருவென்று விழித்தாள்.

குலுக்கவில்லை. மருந்து வந்த நாளிலிருந்தே குலுக்கவில்லை.

ரிஃபாத் சீசாவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அடியில் அரிசி மாவு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. மேலே வெறும் தண்ணீர்.

"அதான் மாமா ஒருநாளு கொட்டக் கொட்ட முழிச்சிருக்காக, ஒருநாளு மத்தியான ளுஹர் தொழுகை வரைக்கும் எந்திரிக்கவே மாட்டேங்கிறாக. மருந்து ஒருநாளு கூட வருது, ஒருநாளு கம்மியா வருது."

சைதூனின் வீட்டுக்காரர் பீர் முகமது நிலக்கோட்டையிலிருந்து கொடைரோடு ஸ்டேஷனுக்கு மல்லிகைப்பூ ஏற்றிப்போகும் வேன்காரர். தூக்க மாத்திரை போடாமல் தூக்கம் வராது என்பது அவருக்குப் பல வருஷப் பழக்கம். மாத்திரையின் மயக்கம் ஒருநாள் விடிந்த பிறகும் மிச்சம் இருந்தது. வேன் ரோட்டை விட்டிறங்கி ஒரு தென்னந்தோப்புக்குள் போய் நின்றது. ஆளுக்கு ஒன்றுமில்லை. பூதான் தோப்பெல்லாம் சிதறிக் கிடந்தது.

டாக்டர் மலர்விழி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாத்திரையை விட வேண்டும். ஆனால் சட்டென்று விட்டால் வலிப்பு வந்துவிடும். அதனால் அதையே தண்ணி மருந்தாகக் கொடுத்து, இந்த மாதம் ஒரே அளவு, அப்புறம் துளித்துளியாகக் குறைப்பது. அதுவரைக்கும் வேன் சாவி சைதூனிடம்.

சாவி போனதிலிருந்து மனிதர் எங்கே உட்கார்ந்தார் தெரியுமா? சைதூனின் அடுப்படியில்! கல்யாணம் காட்சிக்கு ஆர்டர் எடுத்து பிரியாணி போடுகிறவள் அவள். அவர்கள் குடியிருக்கும் பேகம்பூரில் அவள் கைப்பக்குவத்துக்கு மறுபேச்சு கிடையாது. இப்போது ஸ்டீரிங் பிடித்த கை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "வெங்காயத்தை இன்னுங் கொஞ்சம் மெல்லிசா அரியலாம்ல?", "புதினா பத்தாது போலருக்கே?" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தது. சாவி அவர் கைக்குப் போக வேண்டும் என்று அவரைவிடச் சைதூன்தான் அதிகம் துடித்தாள்.

மெடிக்கல் ஷாப் அருளப்பனுக்கு உடனே போன் போட்டாள்.

"குலுக்கலையாம்மா?" என்று அவர் பதறினார். "அகலவாய் ஜாடியில ஒரு மாச மருந்தையும் ஊத்தி, கோடு வரைக்கும் ஆறின வெந்நி ஊத்தி, நல்லாக் குலுக்கிட்டுத்தான் மூடியில அளக்கணும். கலவை ஒரே சீரா இருக்கணும். மேல இருக்கிற சொட்டும் அடியில இருக்கிற சொட்டும் ஒண்ணுபோல இருக்கணும். பழசைக் கொட்டிருங்க, புதுசு தாரேன்."

சைதூனுக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா? மேலேயும் அடியிலேயும் ஒன்றுபோல இருக்க வைப்பதுதானே அவள் பிழைப்பே! பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறந்து தம்மை உடைத்ததும் மேலே ஒரு கரண்டி, நடுவில் ஒரு கரண்டி, அடியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுப் பார்க்காமல் அவள் ஒரு பந்திக்கும் பரிமாறியதில்லை.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் புது மருந்தை ஜாடியில் கலக்கினாள். மோர் கடைகிற மாதிரி குலுக்கினாள். நீளக் கரண்டியை விட்டு மேலே எடுத்து நாக்கில் விட்டாள். கசந்தது. நடுவில் எடுத்தாள். கசந்தது. அடியில் இன்னும் கொஞ்சம் கசந்த மாதிரி இருந்தது. மறுபடி குலுக்கினாள். மறுபடி மூன்று கரண்டி. இப்போது சரி.

அவர் பங்கிலே கை வைத்துவிட்டோமே என்று மனசு உறுத்தியது. எடுத்த கரண்டிக்குக் கரண்டி தண்ணீரை ஊற்றி ஈடு கட்டிவிட்டாள். சைதூன் யாருடைய பங்கையும் தின்கிறவள் அல்ல.

அன்றிலிருந்து தினமும் இதே வேலைதான். அஸர் முடிந்தால் குலுக்கல், மூன்று கரண்டி, ஈட்டுத் தண்ணீர். ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகு அவருக்கு ஒரு மூடி.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. போகப்போக ஒரு சந்தேகம் முளைத்தது. மருந்தின் கசப்பு நாளுக்கு நாள் இறங்குகிறது!

"ஏங்க, மருந்து கசக்குதா?"

"கசக்கலையே. நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கக் கூடாதுங்க அது! ராத்திரி தூங்குனீங்களா?"

"தூங்குனேன் புள்ள."

அவள் நம்பவில்லை. காலையில் அவர் முகத்தைப் பார்த்தால் தூக்க மருந்து குடித்த முகமாகவே தெரியவில்லை. பளிச்சென்று எழுந்து விடியற்காலை பஜ்ர் தொழுகைக்குப் போய்விட்டு, வரும்போது பாலும் வாங்கிவருகிறார். கலவையில்தான் எங்கேயோ கோளாறு. இது டாக்டருக்குத் தெரிந்தால் சாவி கிடைக்காது.

போர் தண்ணீரின் உப்புதான் கசப்பை அமுக்குகிறது என்று கண்டுபிடித்தாள். நகராட்சிக் குழாய்த் தண்ணீருக்கு மாறினாள். அது இன்னும் தித்திப்பாகப் போய்விட்டது. மூன்று கரண்டியில் ஒன்றுமே புரியவில்லை. ஆறு பார்த்தாள். கசப்பு நாக்கில் ஏறுகிற வரைக்கும் பார்த்தாள். பார்த்த அத்தனைக்கும் நேர்மையாகத் தண்ணீர் ஊற்றினாள்.

ரிஃபாத் ஊசி போடும் சிரிஞ்ச் ஒன்றை வாங்கிவந்து கொடுத்தாள். "இதுல கோடு இருக்கு மாமி, சரியா அளக்கலாம்."

"கோடு அளவைச் சொல்லும், ருசியைச் சொல்லுமாக்கும்?" என்று சைதூன் அதை அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். கரண்டி சின்னது என்று பட்டதால் குழம்புக் கரண்டிக்கு மாறினாள்.

இந்தக் கவலையே அவளை ஆளை அடித்துப்போட்டது. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை தாண்டினால் கண் சொருகியது. ஏழு மணி சீரியலில் மாமியார் மருமகளை வீட்டை விட்டு அனுப்பினாளா இல்லையா என்பது அவளுக்கு இன்றுவரைக்கும் தெரியாது. தாளிச்சாவில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. பகலில் சுவரில் சாய்ந்தால் சுவரோடு சுவராகிப் போனாள்.

"உனக்கு என்னமோ பண்ணுது சைதூனு. டாக்டர்ட்ட காமிப்போமா?"

"உங்க மருந்தைச் சீராக் கலக்கிக் கலக்கி எனக்கு அசந்துபோகுது. நீங்க ஒழுங்கா ஆயிட்டா நானும் ஆயிருவேன்."

ஒரு கல்யாண வலீமா விருந்துக்குச் சமைக்கும்போதுதான் மானம் போகப் பார்த்தது. வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. முக்காலியில் உட்கார்ந்திருந்த சைதூன், துடுப்பைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். வாசனை மாறியதும் பீர் முகமது ஓடிவந்தார். துடுப்பை உருவினார், தீயைக் குறைத்தார், கறியைப் போட்டார், அரிசியைப் போட்டார், தம்மும் போட்டார். அவள் கண் திறந்தபோது பிரியாணி வண்டியேறிப் போயிருந்தது.

"நல்லாருந்துச்சாம்" என்றார் அவர் அடக்கமாக. "புதினாவைக் கொஞ்சம் கூடப் போட்டேன்."

சைதூனுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனிதருக்குச் சாவி கிடைக்காவிட்டால் அடுப்பும் தன்னிடமிருந்து போய்விடும். அன்று அஸருக்கு மருந்தைக் குலுக்கிய குலுக்கில் வளையல் உடைந்தது. எத்தனை கரண்டி பார்த்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

மாதம் முடிந்து டாக்டரிடம் போனார்கள். ரிஃபாத்தான் ஆட்டோவில் மாமியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். சைதூனின் நெஞ்சு மட்டும் தூங்காமல் படபடத்தது.

டாக்டர் மலர்விழி பீர் முகமதுவின் கையை நீட்டச் சொன்னார். நடுக்கமில்லை. கண்ணைப் பார்த்தார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், தூக்கத்தைப் பற்றிக் குடைந்து குடைந்து கேட்டார்.

"இஷா முடிஞ்சு படுத்தா பஜ்ர் பாங்குக்குத்தான் முழிப்பு டாக்டர். பகல்ல ஒரு கொட்டாவி கூட இல்ல."

"ஆச்சரியமா இருக்கே! இனிமேதான் குறைக்கவே ஆரம்பிக்கணும்னு நினைச்சேன். உங்களைப் பார்த்தா மருந்தை முக்கால்வாசி விட்ட ஆள் மாதிரி இருக்கீங்க. இதே மாதிரி இருந்தீங்கன்னா சீக்கிரமே வண்டி எடுத்துரலாம்."

சைதூனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. முந்தியில் முடிந்திருந்த சாவியை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டாள்.

"வீட்டுல கலக்குறதுல நிறையப் பேர் கோட்டை விட்டுருவாங்க" என்றார் டாக்டர். "நீங்க எப்படிம்மா கலக்குனீங்க?"

கேட்டதுதான் தாமதம், சைதூன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குலுக்கலைச் சொன்னாள். மேல் கரண்டி, நடுக் கரண்டி, அடிக் கரண்டியைச் சொன்னாள். கசப்பு இறங்க இறங்கக் கரண்டியைப் பெரிசாக்கியதைச் சொன்னாள். "ஆனா அவுக பங்குல ஒரு சொட்டு குறைய விடல டாக்டர். எடுத்த அத்தனைக்கும் தண்ணி ஊத்தி நிரப்பிருவேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் வாய் கொள்ளாமல் ஒரு கொட்டாவி வந்தது. தலை மெல்ல மேஜைமேல் சாய்ந்தது.

டாக்டரின் பேனா அப்படியே நின்றது. பீர் முகமது மனைவியைப் பார்த்தார். ரிஃபாத் மாமாவைப் பார்த்தாள்.

ஓரமாக நின்று டோக்கன் அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் பானுப்ரியாதான் கடைசியில் கேட்டாள்:

"அப்ப டாக்டர், கொஞ்சங் கொஞ்சமா குறைக்கிற மருந்துச் சீட்டை இனிமே அக்கா பேருக்கே எழுதிரலாமா?"