ஏழாம் சதுரத்தின் எரிந்த அடுக்கு

மனித குலத்தின் கடந்த காலத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைப் பீரங்கிப் படையிடம் ஒப்படைப்பதுதான் ஒரே வழி. இதற்கு நானே சாட்சி. போரில் நான்காண்டுகள் பீரங்கி அதிகாரியாக இருந்து, நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்துச் சுடக் கற்றேன். போர் முடிந்ததும் தொல்லியல் துறையில் சேர்ந்து அதே மாதிரி பிரித்துத் தோண்டினேன். உலகம் இதை 'அறிவியல் முறை' என்று கொண்டாடியது. நானும் தடுக்கவில்லை.

ஆற்றங்கரை மேட்டில் முகாம். காலை ஆறு மணிக்கு ஊதல் ஒலிக்கும். கூலியாட்கள் மண்வெட்டியைத் தோளில் சாத்தி நிற்க, நான் 'அணிவகுப்பு மரியாதை' ஏற்பேன்.

மூன்றாம் வாரம் ஏழாம் சதுரத்தில் கரியும் சாம்பலும் இடிந்த சுவரும் வெளிப்பட்டன.

"படையெடுப்பு!" என்று கூவினேன்.

படம் வரைந்துகொண்டிருந்த என் மனைவி நிமிரவே இல்லை. "ஏங்க, அடுப்புல பத்திக்கிட்டிருக்கக் கூடாதா? உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சண்டைதான்."

"வீடு தானா எரிஞ்சதா, எரிச்சாங்களான்னு எனக்குத் தெரியாதா?"

"அதுக்கில்ல. ஒரு முழம்கூடத் தோண்டலியே."

மேலே இருப்பது புதியது, கீழே இருப்பது பழையது. எங்கள் துறையின் அரிச்சுவடி இது. வெற்றி வாசலில் நிற்கும் தளபதி அரிச்சுவடியைப் புரட்டுவதில்லை.

மறுநாள் துறைத் தலைவரும் நிருபர்களும் வந்தார்கள். "மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஈவிரக்கமற்ற ஒரு கூட்டம் இந்த அமைதியான குடியிருப்பைக் கொளுத்தியது!" என்று குரல் தழுதழுக்க முழங்கினேன். தலைவர் மூக்கைச் சிந்தினார்.

அவர்கள் செய்தி எழுதக் கூடாரத்துக்குப் போனதும் மண் அள்ளும் பெண் ஒருத்தி குழிக்குள்ளிருந்து துருப்பிடித்த இரும்புத் துண்டொன்றை நீட்டினாள். பீரங்கிக் குண்டின் அடிப்பாகம்.

"இது எங்க வீடுங்கய்யா. அந்தச் சுவரோரம் எங்க அக்கா படுத்திருந்தா."

"முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"வேலை நேரத்துல வாயத் திறக்கக் கூடாதுன்னு உங்க உத்தரவுங்க."

துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அந்த அளவுக் குண்டு இந்த ஆற்றோரத்தில் ஒரே ஒரு பிரிவிடம்தான் இருந்தது. அதன் அதிகாரி நான். ஏழு மைல் தள்ளி நின்று சுட்டோம். எங்கள் வரைபடத்தில் வீடுகள் இல்லை, சதுரங்கள்தாம் இருந்தன.

அவள் தலையில் கூடை இருந்தது. அதை வாங்கிக் கீழே வைத்தேன்.

அன்று மாலை அந்தக் குழியை நானே மண் தள்ளி மூடினேன். ஓரம் நேராக வரவில்லை.

நிருபர்கள் அதற்குள் செய்தியை அனுப்பிவிட்டார்கள். அந்த எரிந்த அடுக்கைக் கண்டுபிடித்தவன் என்று இன்றும் என்னைப் பாராட்டுகிறார்கள். தன்னடக்கம் காரணமாக இதுவரை ஒன்றைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்: அதை உண்டாக்கியவனும் நானே.