கண்ணாடி வயல்

தொட்டிக்குள் இன்னும் ஓர் இலை பழுத்துவிட்டது. கந்தப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்து, மூக்கு கண்ணாடியில் உரசும்வரை குனிந்து பார்த்தார். நேற்றுவரை பச்சையாக இருந்த இலை. இன்று அவர் முகத்தைப் போலவே வெளுத்திருந்தது.

நல்லேப்பிள்ளியில் இரண்டு போகமும் சளைக்காமல் எடுக்கிற விவசாயி அவர். கருகிப்போன நாற்றைக்கூடத் தேற்றிவிடுவார் என்று அக்கம்பக்கத்தில் பெயர். அப்பேர்ப்பட்டவரை இந்த இரண்டடிக் கண்ணாடித் தொட்டி படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது.

தொட்டி வந்தது மகள் மயிலாத்தாளுக்கு உப்புச் சர்க்கரை மாற்றிச் சம்பந்தம் உறுதி செய்த அன்று. பொள்ளாச்சிச் சம்பந்தி அர்த்தநாரி அரிசி மில் வைத்திருப்பவர், மீன் வளர்ப்பதில் பைத்தியம். தேங்காய் பழத் தட்டுகளுக்கு நடுவே மீனும் செடியுமாக இந்தத் தொட்டியையும் இறக்கிவைத்து, இதிலிருக்கிற செடி தழைக்கிற மாதிரி நம் இரண்டு குடும்பமும் தழைக்க வேண்டும் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார். சொல்லாமலாவது போயிருக்கலாம்.

"ஏனுங்க, அவிய குடுத்த செடி இப்பிடி வாடுதே. போற ஊட்ல நம்ம புள்ள எப்பிடீங்க நல்லா இருப்பா?" என்று மனைவி ராமாத்தாள் அன்று காலையில் கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். கந்தப்பனுக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் மகள் விஷயத்தில் நம்பிக்கை இல்லாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

அடுத்த பஸ்ஸில் பக்கத்து டவுனான சித்தூர் போய்ச் சைனுதீன் ராவுத்தர் கடையில் இறங்கினார். ரேடியோ, மிக்சி, மோட்டார் எல்லாம் விற்கிற கடை. ராவுத்தருக்கு மீனைக் குழம்பில் மட்டும்தான் தெரியும். ஆனால் கடைக்கு வந்தவரைத் தெரியாது என்று சொல்லி அனுப்புவது அவர் பரம்பரையிலேயே கிடையாது. கந்தப்பன் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, வெளிச்சம் போதவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டடி டியூப் லைட்டும் இருந்தது, நாலடி டியூப் லைட்டும் இருந்தது. தொட்டி இரண்டடிதானே என்று ராவுத்தரே நியாயமாகத்தான் சொன்னார். கந்தப்பன் கேட்கவில்லை. வெயில் கூடினால் விளைச்சல் கூடும் என்பது அவர் கணக்கு. நாலடியே வாங்கினார்.

தொட்டிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி நீட்டிக்கொண்டு அந்த லைட் எரிந்தது. வயலில் இருந்த பூச்சியெல்லாம் அதைப் பார்த்துவிட்டுப் பந்தி பந்தியாக வீட்டுக்குள் வந்து சாம்பாரில் விழுந்தன. ஒரு வாரத்தில் தண்ணீர் பச்சைப் பசேலென்று பாசி பிடித்து, செடி எங்கே, மீன் எங்கே என்று கையைவிட்டுத் துழாவ வேண்டியதாயிற்று.

மறுபடி சித்தூர். பாசி பிடித்தால் வடிகட்டி வேண்டும், வடிகட்டி வேலை செய்யக் காற்று பம்பு வேண்டும் என்றார் ராவுத்தர். எல்லாம் மெட்ராஸில் இருந்து வரவழைத்தவை. சோப்புப் பெட்டி அளவில் ஜப்பான் பம்பு ஒன்று, சத்தமே போடாமல் ஓடியது. பக்கத்தில் செங்கல் கனத்துக்கு இன்னொன்று.

"இந்தப் பெருசு எத்தனை குதிரைங்க, ராவுத்தரே?"

"குதிரைக் கணக்கெல்லாம் இதுக்கு இல்லீங்கண்ணா. உங்க தொட்டிக்குச் சின்னதே தாராளம்."

சத்தம் போடாத மோட்டாரைக் கந்தப்பன் நம்பியதே இல்லை. பெருசைத் தூக்கிக்கொண்டு வந்தார். வடிகட்டியைத் தொட்டியின் அடியில் வைத்து மேலே மணல் பரப்ப வேண்டுமென்பதால் மீன்களை அண்டாவுக்கு மாற்றினார்கள். குளிக்கத் தண்ணீர் பிடித்துவைக்க ராமாத்தாளிடம் இருந்த ஒரே பெரிய அண்டா அதுதான். வீட்டில் எல்லோரும் வாய்க்காலுக்குக் குளிக்கப் போனார்கள்.

பம்பைப் போட்டதும் வீடே அரிசி மில்லாக மாறியது. தொட்டிக்குள் கொதிக்கிற உலை போலக் குமிழி கிளம்பி, மிச்சமிருந்த செடிகளையும் வேரோடு பிடுங்கி மேலே மிதக்கவிட்டது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கிணற்று மோட்டாரைப் போட்டால் கரண்டு இறங்கிக் காற்று பம்பு நின்றுவிடும். பம்பு நின்றால் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி வந்து பம்புக்குள் புகுந்து தரையெல்லாம் ஓடும். முதல் தடவை அப்படி ஓடியதில் பியூஸ் போய்த் தெருவே இருண்டது.

அதற்கும் கந்தப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். கிணற்று மோட்டாரை நிறுத்திவிட்டார். இரண்டடித் தொட்டியைக் காப்பாற்ற வயலைக் காயப்போட்ட முதல் விவசாயி அவராகத்தான் இருப்பார். கடைசியில் மிதந்த செடியைத் திரும்ப நட்டு, தெம்பு வரட்டும் என்று ஒரு பிடி யூரியாவையும் போட்டார். அந்த ஒரு பிடி எல்லாவற்றையும் முடித்துவைத்தது. மீன்கள் அண்டாவிலேயே இருந்ததால் தப்பின.

அன்றைக்கென்று பார்த்துப் பொள்ளாச்சி பஸ் கண்டக்டர் சேதி கொண்டுவந்தார். சம்பந்தி அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகிறாராம், தொட்டியைப் பார்க்க வேண்டுமாம். பெண்ணைப் பார்க்க என்றுகூடச் சொல்லவில்லை. ராமாத்தாள் சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மயிலாத்தாள் உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அந்தப் பொள்ளாச்சிப் பையனைப் பிடித்திருந்தது. அது கந்தப்பனுக்கும் தெரியும்.

மனசு கேட்காமல் வயலுக்குப் போனவர் வாய்க்கால் ஓரம் நின்றார். தண்ணீருக்குள் பாசிச்செடி ஒன்று புதர் புதராக ஆடிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தார். அதே தண்டு, அதே இலை. வருஷா வருஷம் கூலி ஆள் வைத்துப் பிடுங்கி வரப்பில் எறிகிற களை. இதைத்தான் சம்பந்தி கண்ணாடிக்குள் வைத்துச் சீராகக் கொடுத்திருக்கிறார்! கந்தப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். தன் வயலிலேயே திருடுகிற ஆள் போல ஒரு கூடை பிடுங்கித் துண்டால் மூடிக்கொண்டு நடந்தார்.

தொட்டியைக் கழுவி, வாய்க்கால் மண்ணும் வாய்க்கால் தண்ணீரும் விட்டு, கிழக்கு ஜன்னல் பக்கம் வைத்துக் களையை நட்டார். லைட்டையும் பம்பையும் பிடுங்கி ஒரு பக்கம் வைத்தார். களைக்கு எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அது தொட்டி கொள்ளாமல் மண்டியது. மீன்கள் அண்டாவைவிட்டு வந்து அதற்குள் ஒளிந்து விளையாடின.

அர்த்தநாரி வந்தவர் மோரைக்கூட வாங்கவில்லை. நேராகத் தொட்டி முன்னால் போய் நின்றார். களையென்று கண்டுபிடித்துவிட்டால் என்ன சொல்வது என்று ராமாத்தாள் கந்தப்பனைப் பார்த்தாள்.

சம்பந்தியின் கண் கலங்கியது. "என்னற கையிலகூட இப்பிடித் தழைச்சதில்லீங்க," என்றார்.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம், கந்தப்பனும் நிறுத்தியிருக்கலாம். மானம் தப்பித்த சந்தோஷத்தில் கந்தப்பனுக்கு வாய் நீண்டது. களை விஷயத்தை மறைத்துவிட்டு, ஒரு பக்கம் கிடந்த சாமானைக் காட்டினார். எல்லாம் லைட்டு, பம்பு, வடிகட்டியின் மகிமை என்றார். அர்த்தநாரி நாலடி லைட்டைச் சாண் போட்டு அளந்து, இதற்கடியில் ரெண்டு தொட்டி நிற்கும் போலிருக்கிறதே என்று முணுமுணுத்தார். பிறகு பம்பைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இது எத்தனை தொட்டிக்குத் தாங்குமுங்க, சம்பந்தி?"

"பத்துத் தொட்டி வெச்சாலும் அசையாதுங்க," என்றார் கந்தப்பன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அர்த்தநாரி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தை பிறந்ததும் கல்யாணத்தை வைத்துவிடலாம் என்றார், உங்களைப் போல ஒரு சம்பந்தி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார். ராமாத்தாள் உள்ளே ஓடிப் பாயசத்துக்கு அடுப்பு மூட்டினாள். கதவுக்குப் பின்னாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. கந்தப்பனுக்கு அத்தனை நாள் பட்ட கஷ்டமும் ஒரு நொடியில் மறந்துபோயிற்று.

வாசலில் நிழலாடியது. தெற்குச் சீமையிலிருந்து வந்து பொள்ளாச்சி மில்லில் லாரி ஓட்டுகிற சுடலை, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"அய்யா, லாரில மொதலாளியோட மிச்ச ஏழு தொட்டியும் நிக்கி. ஒண்ணுகூட வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாதுன்னு மொதலாளியம்மா சொல்லிட்டாவ. எங்க எறக்கச் சொல்லுதிய?"