முரசின் மேல் ஓர் உள்ளங்கை

"நீங்க தூங்குறப்ப நாட்ட யாருப்பா பாத்துக்கிறா?" என்று மெய்நாட்டு மன்னரின் சின்ன மகள் ஒருநாள் கேட்டாள். அன்றிலிருந்து மன்னருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

விசாரித்ததில், அரண்மனைக்குத் தெரியாமலே நாட்டைக் கவனித்துவந்த இருவர் அகப்பட்டார்கள். ஒருவன் நடுக்கோட்டை முரசுக்காரன் சடையப்பன். ஆபத்து வாடை பட்டால் அவன் கை தானே விரையும். உடனே வாய்க்கால்நீர் சமையற்கூடத்தை விட்டு, ஓடவேண்டிய கால்களின் பக்கம் திரும்பும். சமையற்கூடத்தில் அடுப்பை அணைப்பார்கள். நாடே ஓடத் தயாராகும். ஆனால் விரைந்த கை தானாகத் தணியாது. அதற்கு இன்னொருத்தியான அமராயி வரவேண்டும். மூன்று முறை நீளமாக மூச்சை விட்டு, முரசுத் தோலில் உள்ளங்கையை வைப்பாள். முரசு இறங்கும். நீர் திரும்பும். அடுப்பு எரியும்.

"உத்தரவு இல்லாம அமைதியா?" என்று மந்திரி அதிர்ந்தார். "ஆபத்து தீர்ந்துச்சுன்னு எந்த அதிகாரி சான்று குடுத்தான்?"

"யாரும் குடுக்கலீங்க ஐயா. வந்த புலி போயிருச்சு, அவ்வளவுதான்" என்றாள் அமராயி.

"திரும்ப வராதுன்னு எழுதிக் குடுப்பியா?"

அமராயியால் எழுதித் தர முடியவில்லை. அவளைக் கோட்டைக்கு வெளியே அனுப்பினார்கள். ஆபத்து நிரந்தரம் என்று அறிவிக்கப்பட்டது. முரசு ஓயவில்லை. சமையற்கூடம் மூடியே கிடந்தது. நா வறண்டவர்களுக்கு விழிப்புணர்வுப் பதக்கம் தந்தார்கள். அடுத்து, மூச்சுக்கும் முன்னனுமதி வேண்டும் என்றானது. மன்னர் ஒவ்வொரு மூச்சுக்கும் கையொப்பமிட்டார், இமைக்கவும் நேரமில்லை.

ஒரு நண்பகலில், மதிலுக்கு வெளியே இருந்த அமராயியின் காதில் முரசின் தாளம் தடுக்கி விழுந்தது. அவள் எழுந்துவிட்டாள். முன்பொருநாள் அவள் வாசலிலேயே புலி வந்தபோது, அவள் கால்களை ஓடவைத்தது இந்த முரசுதான். அதற்கு அவள் நன்றியாக ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

கோட்டைவாசலில் காவலர்கள் நின்றபடியே மயங்கியிருந்தார்கள். அவள் உள்ளே போனாள். சடையப்பன் கண்மூடி, நினைவின்றி அடித்துக்கொண்டிருந்தான். உள்ளங்கைகளில் தோலே இல்லை.

"கடவுளே, இந்தக் கை ஆறட்டும்" என்று முணுமுணுத்தாள். மூன்று மூச்சு விட்டாள். கையை வைத்தாள்.

எங்கோ நீர் திரும்பும் ஓசை கேட்டது. மன்னரின் எழுதுகோல் நழுவியது. கையொப்பம் இல்லாமலே அவர் மூச்சு வந்துபோனது.

மாலையில் மீண்டும் மதிலுக்கு வெளியே உட்கார்ந்து அமராயி அறிவிப்பைக் கேட்டாள்: "மன்னரின் இடையறாத விழிப்பினால், இன்று நாடு நிம்மதியாக உறங்கியது!"

அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. உள்ளே ஓர் அடுப்பு புகைந்தது. சடையப்பனுக்குச் சோறு இறங்கியிருக்கும். அவள் முந்தானையை உதறிக்கொண்டு நடந்தாள்.