கண்ணிமையில் புறாக் கழுத்து

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். படிப்போ கொஞ்சம். அம்மன் காரியத்தில் நான் செய்த கோமாளித்தனத்தை எழுதினால் பாவம் வருமோ என்ற பயம் வேறு. எழுத உட்காரும்போதெல்லாம் கை கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போகும், பேனாவுக்குப் போகாது.

அப்போது அம்பாசமுத்திரத்தில் எனக்குச் சிறிய வெற்றிலைக் கடை. என் மனைவி சிவகாமி தலைப்பிரசவத்தில் பிழைப்பாளா என்று கிடந்தபோது, தாயும் பிள்ளையும் பிழைத்தால் கோயில் கொடைத் திருவிழாவன்று பெண் வேஷம் கட்டி, வீடு வீடாக அரிசி வாங்கி, அந்த அரிசியில் பொங்கலிடுகிறேன் என்று தெரு அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். இருவரும் பிழைத்தார்கள். ஆனால் சிவகாமி எழுந்து நடமாடினாளே தவிர, பேச்சும் சிரிப்பும் போன இடம் தெரியவில்லை. நேர்ச்சை பாக்கி நிற்பதால்தான் என்று நான் நம்பினேன்.

வேஷத்துக்கு மஞ்சளும் மையும் போதும். எனக்குத்தான் போதவில்லை. கோயில் கோபுரத்துப் புறாவின் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். நீலம் எங்கே முடிகிறது, பச்சை எங்கே தொடங்குகிறது? கோடே இல்லாமல் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் எப்படிப் போகிறது? அதை என் கண்ணிமையில் கொண்டுவந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். (பக்தி பாதி, இந்த அரிப்புப் பாதி.)

கொடையன்று காலை கண்ணாடியை ஜன்னலில் சாத்திவைத்து உட்கார்ந்தேன். மூக்கோரத்து இமையில் எண்ணெயில் குழைத்த மஞ்சள். நடுவிலிருந்து அவுரி நீலம். இரண்டும் சந்திக்கும் இடத்தை விரல் நுனியால் பைய இழுத்தேன். பச்சை பிறந்தது! ஆனால் கண்ணைத் திறந்தால் இமை மடிந்து மறைந்துகொள்கிறது. மூடினால் பார்க்கக் கண் இல்லை. ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் பார்த்துப் பார்த்து இரண்டையும் முடித்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைக்கண்ணில் கொஞ்சம் சிவப்பு இருந்தால் என்ன என்று தோன்றியது. குங்குமம் ஒட்டாமல் உதிர்ந்தது. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே என்ற ஞானம் வந்தது. சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகும் என்று தினமும் ஊருக்கு உபதேசம் செய்கிற வெற்றிலைக் கடைக்காரன் நான், அதை எடுத்து என் கண்ணில் அப்பிக்கொண்டேன். சிவப்பு அருமையாகத்தான் வந்தது.

சிவகாமியின் சேலையைக் கட்டி முடிப்பதற்குள் எரிச்சல் பிடித்தது. தெருவில் இறங்குவதற்குள் இமைகள் பணியாரமாக உப்பிவிட்டன. மீசையை முந்தானையால் மறைத்து, ஓலைப்பெட்டியை ஏந்தி, ஒரு கண்ணின் கீற்று வழியாக எதிர்வீட்டு வாசலைக் கண்டுபிடித்தேன்.

அரிசியோடு வெளியே வந்த சுப்பையா அண்ணாச்சி, என் முகத்தைப் பார்த்ததும் பின்னுக்குப் போனார்.

"வே, அங்கனயே நில்லும். உமக்கு அம்மை வாத்திருக்கு."

"இது சாயம் அண்ணாச்சி."

"அம்மை கண்டவன்லாம் அப்படித்தான் சொல்லுதான். வீட்டுல போயிப் படும்."

கதவைச் சாத்திவிட்டார். அந்தக் காலத்தில் அம்மை என்றால் விளையாட்டில்லை. சேதி எனக்கு முன்னால் ஓடி, நான் போவதற்குள் வாசலுக்கு வாசல் வேப்பங்குலை தொங்கியது. (அந்தத் துக்கத்திலும், பச்சை கலையாமல் இருக்கிறதா என்று யாரையாவது கேட்க ஆசை. கிட்ட வர ஆளில்லை.)

உச்சிப்பொழுதுக்குள் பானை ஏற்ற வேண்டும். பெட்டியில் ஒரு மணி அரிசி இல்லை. நேர்ச்சை தவறினால் சிவகாமி என்ன ஆவாளோ என்று என் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன். அழுததில் சுண்ணாம்புச் சிவப்பு மீசைவரை இறங்கியது.

சிவகாமி வெளியே வந்தாள். என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சுண்ணாம்பா?"

தலையாட்டினேன்.

சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தொட்டிலில் கிடந்த பிள்ளை விழித்து அழுதது; அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டும் சிரித்தாள். பிறகு செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பைக் கழுவினாள். எண்ணெயில் குழைத்த மஞ்சளும் நீலமும் அசையவில்லை. என் கையைப் பிடித்துத் தெருவில் இழுத்துக்கொண்டு போய், பக்கத்து வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"அத்தை, கதவைத் தொறங்க. அம்மையும் இல்லே ஒண்ணும் இல்லே. கடைச் சுண்ணாம்பைக் கண்ணுல அப்பியிருக்காவ. வந்து பாருங்க, பச்சை எப்படி வந்திருக்குன்னு."

கதவுகள் ஒரு விரற்கடை திறந்தன. அப்புறம் முழுதும் திறந்தன. கண்ணை மூடச் சொன்னார்கள், மூடினேன். திறக்கச் சொன்னார்கள், திறந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் அரிசி போட்டார்கள். கடைசியாக வந்த அண்ணாச்சி மூக்கு மூக்கில் முட்டுமளவுக்குக் குனிந்து, நீலம் எங்கன முடியுது என்று கேட்டார். எனக்கும் அதுதான் தெரியவில்லை என்றேன்.

நேரத்துக்குப் பொங்கல் பொங்கியது. இன்றும் எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணாவது கண்ணாடி முன்னால் கூடுதல் நேரம் நின்றால், "சுண்ணாம்புக் கலயத்தை ஒளிச்சு வைங்க" என்று உள்ளேயிருந்து சிவகாமியின் குரல் வரும்.

ஊரில் இதைச் சொல்கிறவர்கள் அம்மன் என்மேல் இறங்கியதாகவும், போன கண் திரும்பி வந்ததாகவும் சேர்த்துவிட்டார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நீங்கள் யாருக்காவது சொன்னால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சுண்ணாம்பு என் புத்தி; அதை அம்மன் தலையில் போட வேண்டாம். சிவகாமியின் அந்தச் சிரிப்புத்தான் அம்மன் கொடுத்தது. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.