அவளிடம் படிக்காத ஆள்

அழைப்புமணி இரண்டு முறை அலறியது. துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஓடினாள் அவள். குழந்தைகள் நல அதிகாரி வீட்டைப் பார்த்துத் திருப்தி என்று எழுதிவிட்டால் போதும், காப்பகத்தில் இருக்கும் மகள் திரும்பி வந்துவிடுவாள்.

கதவைத் திறந்ததும் வாசலில் நின்ற இளைஞனின் முகம் மலர்ந்தது.

"அட, நீங்களாக்கா!"

அவளுக்கும் அவனை அடையாளம் தெரிந்தது.

மேடை நாடகங்கள் குறைந்துபோன பிறகு அவளுக்குக் கிடைத்தது ஒரு விசித்திரமான வேலை. சமூகப்பணி படிக்கிற மாணவர்கள் பேசிப் பழகுவதற்காக, உதவி தேடி வந்தவளாக நடிக்க வேண்டும். ஒரு நாள் விதவை, ஒரு நாள் குடிகாரி, ஒரு நாள் பிள்ளையை அடிக்கிற தாய். பாடம் முடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு, யார் எங்கே ஏமாந்தார்கள் என்று சொல்லித் தர வேண்டும். இந்தப் பையன், பிள்ளையை அடிக்கிற தாயிடம் படித்தவன்.

"பாப்பாவைப் பிரிஞ்சு இருக்கிறது எப்படியிருக்கு?" என்று கேட்டான்.

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அவன் ரசித்துப் பார்த்தான்.

"அப்படியே இருக்குக்கா. அன்னிக்கும் இந்தக் கேள்விக்குத்தான் அழுதீங்க."

"தம்பி, இது நிஜமான அழுகைப்பா."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க. அப்புறம், கண்ணைப் பாத்து ஏமாறாதே, கையைப் பாருன்னு திட்டினீங்க."

அவன் அவள் கையைப் பார்த்தான். அவள் சட்டென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதை அவன் குறித்துக்கொண்டான்.

முடிவு சொல்ல முடியவில்லை என்று கோப்பு திரும்பிப் போனது. அடுத்து வந்தது ஒரு பெண் அதிகாரி. அந்த அதிகாரி பாடம் படித்தது, அவள் நடித்த விதவையிடம்.

இந்த முறை அழக்கூடாது என்று தாய் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னாள்.

"பிள்ளையைப் பத்தி பேசும்போது ஒரு அம்மா கண்ணு கலங்கலைன்னா உஷாரா இருக்கணும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?" என்றாள் அதிகாரி.

"சொன்னேன். எந்த வாயால சொன்னேனோ தெரியலை."

வேறு வழியில்லாமல் எதிர்வீட்டு அம்மாவைச் சாட்சிக்குக் கூட்டிவந்தாள். அதிகாரியைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல, "இவ ரொம்ப நல்ல பொண்ணு. பிள்ளைன்னா உசுரு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அதிகாரி தாயின் காதருகே குனிந்தாள். "புதுசா நடிக்கச் சேந்தவங்களாக்கா? இன்னும் கொஞ்சம் பழக்கணும்."

மறுநாளே அவள் அலுவலகத்துக்குப் போய் மேலதிகாரியின் மேஜை முன்னால் நின்றாள்.

"ஐயா, என்கிட்ட படிக்காத ஆள் யாரையாவது அனுப்புங்க. உங்க காலில வேணா விழறேன்."

மேலதிகாரி நாற்காலியைத் திருப்பிக் கூடத்தை ஒரு பார்வை பார்த்தார். மேஜைகளிலிருந்து தலைகள் நிமிர்ந்து அவளுக்கு வணக்கம் வைத்தன. அவர் தலையைச் சொறிந்தார்.

"கஷ்டம்மா. சரி, எப்படியாவது அனுப்பறேன்."

சொன்னபடியே அனுப்பினார். வந்தது மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண். கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவளை யாரென்றே தெரியாத முகத்தோடு நின்றாள். அந்தத் தெரியாத முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நடந்ததைச் சொல்லுங்கம்மா. அவசரமில்லை," என்றாள் அந்தப் பெண்.

சொன்னாள். காய்ச்சலில் தூங்கிய மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நாடகத்துக்குப் போனதைச் சொன்னாள். "வாங்கின முன்பணத்தைத் திருப்பிக் குடுக்க வழியில்லம்மா. திரும்பி வரும்போது கதவை உடைச்சிருந்தாங்க. பாப்பாவைத் தூக்கிட்டுப் போயிருந்தாங்க." முன்னும் பின்னுமாக, மூக்கு ஒழுக, வார்த்தை குழறச் சொன்னாள். இதை மேடையில் செய்திருந்தால் கல்லெறிந்திருப்பார்கள்.

பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்துக் காட்டினாள்.

"ஒரு அளவு பெருசா வாங்கினேன். வர்றதுக்குள்ள கால் வளந்திருக்கும்ல? இப்ப இதுவும் பத்தாதோன்னு பயமா இருக்கு."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

"உங்களை நான் முழுசா நம்பறேம்மா. அப்படித்தான் எழுதப்போறேன்," என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி ஜீப்பில் போய் உட்கார்ந்தாள் அந்தப் பெண்.

அவள் வாசலிலேயே நின்றாள். மகளுக்குப் பிடித்த நீலப் போர்வையை இன்றே துவைத்துவிட வேண்டும். ஜீப் ஓட்டுநர் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார். சொம்பை நீட்டியபடி ஆவலாகக் கேட்டாள்.

"அண்ணே, அதிகாரியம்மா கையெழுத்துப் போட்டதும் பிள்ளையை அன்னிக்கே அனுப்பிடுவாங்களா?"

அவர் தண்ணீரைக் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அதிகாரியா? உங்ககிட்ட படிக்காத ஆளு ஆபீஸ்ல ஒருத்தருமே இல்லைன்னுதானேம்மா, பெரியவரு காலேஜ்லேருந்து இந்தப் பொண்ணை அனுப்பினாரு. இன்னிக்குத்தான் அதுக்கு உங்ககிட்ட முதல் பாடம்."